வாசலில் ஒரு தக்காளிச் செடி

1. ஏறும் விலை, இறங்கும் விலை

தக்காளி இல்லாத சமையல் உண்டா? ரசத்துக்குத் தக்காளி வேண்டும். குழம்புக்கு வேண்டும். சட்னிக்கும் வேண்டும். வசதி உள்ள வீடு, இல்லாத வீடு எல்லாவற்றிலும் தினமும் நாலு தக்காளி செலவாகிறது.

ஆனால் தக்காளியின் விலை ஒரே நிலையில் நிற்பதில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது பெங்களூரில் ஒரு கிலோ தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது. கிலோ கணக்கில் வாங்கியவர்கள் கால் கிலோ வாங்கினார்கள். கால் கிலோ வாங்கியவர்கள் புளியை மட்டும் கரைத்து ரசம் வைத்தார்கள்.

பெங்களூருக்குக் கிழக்கே கோலார் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் தக்காளி நிறைய விளைகிறது. கோலார் சந்தையில் தக்காளியைப் பெட்டிக் கணக்கில் ஏலம் விடுகிறார்கள். ஒரு பெட்டி 15 கிலோ. 2023 ஜூலையில் ஒரு பெட்டி 2,000 ரூபாய்க்கு மேல் போனது. அதாவது சந்தையிலேயே ஒரு கிலோ 133 ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில் விலை சரிந்தது. விலை மிகவும் விழும் காலத்தில் பறிக்கிற கூலிகூடக் கட்டாது. அப்போது விவசாயிகள் தக்காளியைச் சாலை ஓரத்தில் கொட்டுவதும் உண்டு.

இது ஏன்? தக்காளி சீக்கிரம் அழுகும். நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்க முடியாது. மழை அதிகமானால் செடி அழுகும். நோய் வந்தால் காய் குறையும். சந்தைக்கு வரத்து குறைந்தால் விலை ஏறும். எல்லோரும் ஒரே நேரத்தில் பயிர் செய்தால் விலை இறங்கும். ஏறினால் வாங்குகிறவருக்குக் கஷ்டம். இறங்கினால் விளைவித்தவருக்குக் கஷ்டம்.

சந்தை விலையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் வீட்டில் நாலு செடி இருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். ரசத்துக்கு நம் செடியில் பறிக்கலாம். அதற்கு நிலம் வேண்டியதில்லை. ஒரு பழைய வாளி போதும்.

2. ஜோகுபாளையத்தில் இடம் எங்கே?

ஜோகுபாளையம் பெங்களூரின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. அல்சூரை ஒட்டிய இடம். தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அல்சூரைக் கன்னடத்தில் ஹலசூரு என்பார்கள். கன்னடத்தில் ‘ஹலசு’ என்றால் பலா. ஒரு காலத்தில் இங்கே பலாத் தோப்பு இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

இன்று தோப்பு இல்லை. சந்துகள் குறுகலாக இருக்கின்றன. வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. பல வீடுகளுக்கு முற்றம் கிடையாது. தோட்டம் கிடையாது. பிறகு தக்காளியை எங்கே வைப்பது?

தக்காளிக்கு முதலில் வேண்டியது வெயில். ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது வெயில் பட வேண்டும். ஆகவே இடத்தைத் தேடாதீர்கள். வெயிலைத் தேடுங்கள். ஒரு நாள் முழுதும் கவனியுங்கள். காலை 8 மணிக்கு வெயில் எங்கே விழுகிறது? 12 மணிக்கு எங்கே? 4 மணிக்கு எங்கே? வாசல் படிக்குப் பக்கத்தில் விழலாம். மாடிப் படியில் விழலாம். மொட்டை மாடியில் விழலாம். அதிக நேரம் வெயில் விழும் இடமே தக்காளிக்கு உரிய இடம். வாடகை வீடாக இருந்தால் மாடியில் வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று: மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டியை வைக்கக் கூடாது. காற்றடித்தால் கீழே விழும். சந்தில் குழந்தைகள் விளையாடுவார்கள்.

இரண்டு: தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டை இடும்.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே கடும் வெப்பம் குறைவு. தக்காளிக்கு இந்தத் தட்பவெப்பம் ஏற்றது. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ உதிரும். பெங்களூரில் பெரும்பாலான மாதங்களில் அந்தக் கவலை இல்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். அப்போது மட்டும் தொட்டியைக் கூரை ஓரமாக நகர்த்தி வையுங்கள்.

3. தக்காளி எங்கிருந்து வந்தது?

தக்காளி நம் நாட்டுச் செடி இல்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும்.

தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் என்ற பெரிய மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேற்குப் பக்கத்தில் பெரு, ஈக்குவடார் என்ற நாடுகள் உள்ளன. அந்தப் பகுதியில் காட்டுத் தக்காளி தானாக வளர்ந்தது. பழம் மிகச் சிறியது. அங்கிருந்து அது வடக்கே மெக்சிகோவுக்குப் போனது. மெக்சிகோ மக்கள் அதைத் தோட்டத்தில் வளர்த்தார்கள். பெரிய பழம் தரும் செடிகளின் விதையை எடுத்து மறுபடி விதைத்தார்கள். இப்படிப் பல தலைமுறைகள் செய்தார்கள். பழம் பெரிதாயிற்று. ‘டொமேட்டோ’ என்ற சொல்லும் அந்த மக்களின் மொழியிலிருந்து வந்ததுதான்.

1521ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் படைகள் மெக்சிகோவின் தலைநகரைப் பிடித்தன. அதன் பிறகு தக்காளி கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே பலர் அதைத் தின்னப் பயந்தார்கள். தக்காளி கத்தரிக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்தில் நச்சுச் செடிகளும் உண்டு. அதனால் இதுவும் நஞ்சு என்று நினைத்தார்கள். அழகுக்காக மட்டும் தோட்டத்தில் வைத்தார்கள். பயம் தெளிய நெடுங்காலம் ஆயிற்று. இத்தாலியர்கள் அதற்குத் ‘தங்க ஆப்பிள்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள்.

இந்தியாவுக்குத் தக்காளியைப் போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்தார்கள் என்று கருதப்படுகிறது. மிளகாயும் உருளைக்கிழங்கும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். அதற்கு முன் நம் முன்னோர்கள் புளிப்புக்குப் புளி சேர்த்தார்கள். காரத்துக்கு மிளகு சேர்த்தார்கள்.

‘தக்காளி’ என்ற சொல் மட்டும் நம்முடையது. வயல் வரப்பிலும் வேலி ஓரத்திலும் சிறு பழம் தரும் செடிகள் உண்டு. அவற்றுக்குத்தான் முதலில் தக்காளி என்று பெயர். மணத்தக்காளிக் கீரை இன்றும் நம் சமையலில் இருக்கிறது. புதிய பழம் கடல் கடந்து வந்ததும் அதைச் ‘சீமைத் தக்காளி’ என்றார்கள். பிறகு ‘சீமை’ போய்விட்டது. தக்காளி நின்றுவிட்டது.

இன்று உலகில் தக்காளி விளைச்சலில் சீனா முதல் இடத்தில் இருக்கிறது. இந்தியா இரண்டாவது இடத்தில் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியுமா?

தக்காளி பழமா, காய்கறியா? அமெரிக்காவில் இதற்காக ஒரு வழக்கே நடந்தது. அப்போது அங்கே வெளிநாட்டுக் காய்கறிக்கு வரி இருந்தது. பழத்துக்கு வரி இல்லை. ஒரு வியாபாரி, தக்காளி பழம், ஆகவே வரி கூடாது என்று வாதாடினார். 1893ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. செடியின் கணக்கில் அது பழம். ஆனால் மக்கள் அதைச் சாப்பாட்டுக்குச் சமைக்கிறார்கள். ஆகவே வரிக்கு அது காய்கறிதான் என்றது தீர்ப்பு.

4. பொட்டலத்தைப் படியுங்கள்

தமிழ்நாட்டுச் சந்தைகளில் இரண்டு வகைத் தக்காளி விற்கிறார்கள். ஒன்று நாட்டுத் தக்காளி. இதன் தோல் மெல்லியது. சாறும் புளிப்பும் அதிகம். இன்னொன்றைப் ‘பெங்களூர் தக்காளி’ என்கிறார்கள். இதன் தோல் கெட்டி. சதை அதிகம். பல நாள் தாங்கும்.

விதையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரண ரகம். இந்தப் பழத்திலிருந்து விதை எடுத்து விதைத்தால், பெரும்பாலும் அதே மாதிரிப் பழம் கிடைக்கும். மற்றொன்று வீரிய ஒட்டு விதை. இதை ‘ஹைபிரிட்’ என்றும் சொல்வார்கள். இரண்டு தாய் ரகங்களைக் கலந்து இதை உண்டாக்குகிறார்கள். முதல் முறை விளைச்சல் நன்றாக இருக்கும். ஆனால் அதன் விதையை எடுத்து விதைத்தால் செடிகள் பலவிதமாக வரும். ஒவ்வொரு முறையும் கடையில் விதை வாங்க வேண்டும்.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இது 1967இல் தொடங்கியது. இங்கே ‘அர்கா’ என்ற பெயரில் பல காய்கறி ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். அர்கா விகாஸ் ஒரு தக்காளி ரகம். இதன் விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அர்கா ரக்‌ஷக் வீரிய ஒட்டு வகை. இது மூன்று நோய்களைத் தாங்கும். தமிழ்நாட்டில் பெரியகுளத்தில் உருவான ரகம் பி.கே.எம். 1. அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து அதை உண்டாக்கினார்கள். அதன் விதையையும் எடுத்து வைக்கலாம்.

விதை வாங்கும்போது பொட்டலத்தைப் பாருங்கள். நம் நாட்டில் 1966ஆம் ஆண்டு முதல் விதைச் சட்டம் உண்டு. ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், சோதனை செய்த தேதி போன்றவற்றைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். எத்தனை நாள் வரை விதைக்கலாம் என்றும் அதில் இருக்கும்.

பெங்களூரில் கிடைக்கும் பொட்டலங்களில் பெரும்பாலும் ஆங்கிலமும் கன்னடமும் இருக்கும். தமிழ் மட்டும் படித்தவர் என்ன செய்வது? ஒரு வீட்டில் பாட்டியும் பேத்தியும் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

ஆயா: இந்தப் பொட்டலத்துல நம்ம எழுத்து இல்லையே, கண்ணு. எனக்கு எங்க புரியப் போகுது?

பேத்தி: எழுத்துதான் கன்னடம், ஆயா. நம்பர் எல்லாருக்கும் ஒண்ணுதானே? இதப் படி.

ஆயா: எழுபது.

பேத்தி: அது முளைக்கிற கணக்கு. நூறு விதை போட்டா எழுபதாவது முளைக்கணும்.

ஆயா: இது தேதி மாதிரி இருக்குதே. பதினஞ்சு, மூணு... அட, இது போன வருஷத்துத் தேதி இல்ல?

பேத்தி: அதுதான் கெடு. அதுக்கு மேல இந்த விதைய விதைக்கக் கூடாது.

ஆயா: கடைக்காரரு ஒண்ணும் சொல்லலையே.

பேத்தி: நீ கேட்டியா, ஆயா?

ஆயா: கேக்கத் தெரியல. இப்பத் தெரிஞ்சுபோச்சு. வா, போய் மாத்திக்கிட்டு வரலாம்.

ஆயா செய்தது சரி. எண் தெரிந்தால் தேதி தெரியும். தேதி தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை. மற்ற விவரங்களைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் கேட்கலாம். கடைக்காரரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இது ஹைபிரிட்டா, சாதாரண ரகமா? கெடு தேதி எது? செடி எவ்வளவு உயரம் வளரும்?

பொட்டலத்து விதை சில சமயம் சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். அது மருந்து பூசிய விதை. நஞ்சு. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். விதைத்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

5. விதைப்பதும் நடுவதும்

முதலில் நாற்று விட வேண்டும். அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி போதும். பழைய டம்ளரும் போதும். அதில் மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். கால் அங்குல ஆழத்தில் இரண்டு மூன்று விதை போடுங்கள். மேலே மெல்ல மண் தூவுங்கள். தண்ணீரைத் தெளித்து விடுங்கள். ஊற்றினால் விதை ஆழத்துக்குப் போய்விடும். 5 முதல் 8 நாளில் முளை தெரியும். முளைத்ததும் வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். நிழலிலேயே இருந்தால் நாற்று மெலிந்து நீளும்.

25 முதல் 30 நாளில் நாற்று நடவுக்குத் தயார்.

இப்போது வாளி. பெயிண்ட் வரும் 20 லிட்டர் வாளி நல்லது. நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். பழைய அரிசிச் சாக்கும் ஆகும். ஒரு அடி ஆழமாவது வேண்டும். அடியில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். ஓட்டைகளின் மேல் ஓட்டுச் சில்லுகளைப் போட்டு வையுங்கள்.

மண் கலவை இப்படி இருக்கட்டும்: செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு. வெறும் மண்ணைப் போட்டால் வாளி கனமாகும். மண்ணும் இறுகிவிடும். பச்சைச் சாணம் போடாதீர்கள். அதன் சூட்டில் வேர் கருகும்.

ஒரு வாளிக்கு ஒரு செடிதான். மாலையில் நடுங்கள். நாற்றின் தண்டில் பாதியளவு மண்ணுக்குள் போகட்டும். தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடத்தில் எல்லாம் வேர் விடும். வேர் அதிகமானால் செடி பலமாக நிற்கும். நட்ட அன்றே ஒரு குச்சியையும் ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.

6. தண்ணீர்

பெங்களூரில் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதை மேட்டில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024ஆம் ஆண்டு கோடையில் நகரத்தில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அந்த மார்ச் மாதம் குடிநீர் வாரியம் ஒரு தடை விதித்தது. தோட்டத்துக்குக் குடிநீரை ஊற்றக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது.

தக்காளிக்குக் குடிநீர் தேவையில்லை. அரிசி கழுவிய தண்ணீர் போதும். பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரும் ஆகும். சோப்புத் தண்ணீர் ஆகாது. உப்புப் போட்டு வடித்த தண்ணீரும் ஆகாது.

எப்போது ஊற்றுவது? விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். வளர்ந்த செடிக்கு வெயில் நாளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தேவைப்படும். காலையில் ஊற்றுவது நல்லது. இலை நனையாமல் வேரில் ஊற்றுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும்.

நாலு நாள் காயப் போட்டு, ஐந்தாம் நாள் ஒரேயடியாக ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். பலர் இதைப் பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். இது பூச்சி இல்லை. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அந்தச் சத்தை வேரிலிருந்து காய்க்குக் கொண்டுபோவது தண்ணீர்தான். தண்ணீரை ஒழுங்காக ஊற்றினால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

7. எருவும் பூவும்

நட்ட பின் 15 நாளுக்கு ஒரு முறை எரு கொடுங்கள். ஒரு பிடி மண்புழு உரம் போதும். கடலைப் புண்ணாக்கும் நல்லது. ஒரு பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வையுங்கள். அந்தக் கரைசலில் ஒரு டம்ளருக்குப் பத்து டம்ளர் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். அளவு மீறக் கூடாது. எரு அதிகமானால் இலை தழைக்கும். காய் பிடிக்காது.

செடி வளர வளரக் குச்சியோடு தளர்வாகக் கட்டுங்கள். பழைய துணிக் கிழிசல் போதும். கம்பியால் கட்டினால் தண்டு அறுபடும்.

நட்டு ஒரு மாதத்தில் மஞ்சள் பூ வரும். ஒரே பூவில் ஆண் பகுதியும் உண்டு, பெண் பகுதியும் உண்டு. மகரந்தம் உதிர்ந்தால் போதும், காய் பிடிக்கும். காற்று இந்த வேலையைச் செய்கிறது. சுவர் மறைத்துக் காற்று வராத இடமாக இருந்தால், காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டி விடுங்கள்.

8. பூச்சியும் நோயும்

தினமும் ஒரு நிமிடம் இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிகள் இலையின் அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

வெள்ளை ஈ: செடியை அசைத்தால் சிறு வெள்ளைப் பூச்சிகள் பறக்கும். இவை இலைச்சுருள் நோயைப் பரப்பும். நோய் வந்த செடியின் இலை சுருண்டு சிறுத்துவிடும். செடி வளராது. இதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். விட்டால் மற்றச் செடிகளுக்கும் பரவும். வெள்ளை ஈயைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி அருகில் தொங்க விடுங்கள். மஞ்சளைத் தேடி வரும் பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும்.

காய்ப்புழு: காயில் ஓட்டை தெரியும். புழுவைக் கையால் எடுத்து அழியுங்கள். ஓட்டை விழுந்த காயையும் பறித்துவிடுங்கள்.

அசுவினி: சிறு பூச்சிகள் கொழுந்தில் மொய்க்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய் விடுங்கள். சில சொட்டுச் சோப்புக் கரைசலும் சேர்த்துக் கலக்குங்கள். மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறை போதும்.

புகையிலையிலிருந்தும் தக்காளிக்கு ஒரு நோய் வரும். பீடி சுற்றுகிறவர்களும் புகையிலை போடுகிறவர்களும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே செடியைத் தொட வேண்டும்.

பூச்சி மருந்து டப்பாவில் ஒரு வண்ண அடையாளம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கடும் நஞ்சு. நீலம் அதைவிடக் குறைவு. பச்சை அதிலும் குறைவு. ஆனால் நான்குமே நஞ்சுதான். வீட்டு வாசலில், குழந்தைகள் நடமாடும் இடத்தில், இவற்றை அடிக்காமல் இருப்பதே நல்லது.

9. பழம் பறித்தல்

நட்ட 60 முதல் 70 நாளில் முதல் பழம் பறிக்கலாம். நன்றாகக் கவனித்தால் ஒரு செடியில் ஒரு கிலோவுக்கு மேல் கிடைக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒரு மாதத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுக்கும். இரண்டு வாளியால் வீட்டுத் தேவை முழுதும் தீராது. ஆனால் விலை ஏறும்போது ரசத்துக்கும் சட்னிக்கும் கை கொடுக்கும்.

எலியும் அணிலும் பழத்தைக் கடித்தால், லேசாகச் சிவக்கும்போதே பறித்துவிடுங்கள். வீட்டுக்குள் வைத்தால் தானே பழுக்கும். செடியின் இலையையும் தண்டையும் சமைக்கக் கூடாது. அவற்றில் நஞ்சு உண்டு.

தக்காளியில் வைட்டமின் ‘சி’ உண்டு. அதன் சிவப்பு நிறமும் ஒரு சத்துதான். எண்ணெயில் வதக்கினால் அந்தச் சிவப்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். நம் தக்காளித் தொக்கு இந்த வகையில் நல்ல உணவு.

10. விதை நம் கையில்

மெக்சிகோ மக்கள் செய்ததை நாமும் செய்யலாம். நல்ல செடியில் முதலில் பழுத்த நல்ல பழம் ஒன்றை விதைக்கு விடுங்கள். ஆசைப்பட்டுச் சட்னிக்குப் பறித்துவிடாதீர்கள். சாதாரண ரகத்தில் மட்டும் விதை எடுங்கள்.

பழம் நன்றாகக் கனியட்டும். அறுத்து, விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் பிழியுங்கள். இரண்டு நாள் அப்படியே வையுங்கள். சாறு புளித்து நுரைக்கும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு நீங்கும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பவற்றைக் கொட்டிவிடுங்கள். தங்கிய விதையைக் கழுவித் தட்டில் பரப்பி நிழலில் ஒரு வாரம் காய வையுங்கள். காகிதப் பொட்டலத்தில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மூன்று ஆண்டு வரை முளைக்கும்.

பொட்டலத்தின் மேல் ரகத்தின் பெயரும் தேதியும் எழுதுங்கள். கடைப் பொட்டலத்தில் யாரோ எழுதியதை நாம் படித்தோம். இந்தப் பொட்டலத்தில் எழுதுவது நாமே. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு பொட்டலம் கொடுங்கள். அவரிடம் உள்ள விதையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை அதே மண்ணில் தக்காளி வைக்காதீர்கள். கத்தரி, மிளகாயும் வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும். அந்த வாளியில் கீரையோ அவரையோ போடுங்கள்.

11. நாள் குறிப்பு

ஒரு நோட்டில் இப்படி எழுதி வையுங்கள்.

ஜூன் 5: விதை போட்டது
ஜூன் 11: முளைத்தது
ஜூலை 3: வாளியில் நட்டது
ஆகஸ்ட் 2: முதல் பூ
செப்டம்பர் 10: முதல் பழம்

அடுத்த முறை எப்போது என்ன வரும் என்று இந்தக் குறிப்பே சொல்லும். எந்த மாதம் விதைத்தால் அதிகம் காய்த்தது என்றும் தெரியும்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. தக்காளியின் விலை ஏன் ஏறி இறங்குகிறது?
2. தக்காளியை முதலில் தோட்டத்தில் வளர்த்த மக்கள் எந்த நாட்டவர்?
3. வீரிய ஒட்டுச் செடியிலிருந்து விதை எடுக்கக் கூடாது. ஏன்?
4. காயின் அடிப்பக்கம் கறுத்தால் என்ன செய்ய வேண்டும்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. தக்காளிக்கு ஒரு நாளைக்கு ______ மணி நேரம் வெயில் வேண்டும்.
2. இலைச்சுருள் நோயைப் பரப்புவது ______.
3. மணத்தக்காளியும் தக்காளியும் ______ குடும்பம்.

இ. கணக்குப் போடுங்கள்.
1. முளைப்புத் திறன் 70. ஒருவர் 10 விதை போட்டார். எத்தனை முளைக்கும்?
2. ஒரு பெட்டி 15 கிலோ. விலை 300 ரூபாய். ஒரு கிலோ என்ன விலை?
3. ஜூலை 3 முதல் செப்டம்பர் 10 வரை எத்தனை நாள்?

ஈ. செய்து பாருங்கள்.
உங்கள் வீட்டில் வெயில் விழும் இடத்தைக் கவனியுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வெயில் விழுகிறது? நோட்டில் எழுதுங்கள். கற்போர் வட்டத்தில் எல்லோரும் தங்கள் குறிப்பைப் படித்துக் காட்டுங்கள்.

புதிய சொற்கள்
முளைப்புத் திறன் – நூறு விதையில் எத்தனை முளைக்கும் என்ற கணக்கு
கெடு – கடைசித் தேதி
வீரிய ஒட்டு – இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய விதை
மகரந்தம் – பூவில் உள்ள தூள்
வரத்து – சந்தைக்கு வந்து சேரும் சரக்கின் அளவு